வாங்க வந்தவள் முகம்

விடுதியில் அவளுக்குப் பேரம் என்று பெயர். பாத்திரக்கடைக்காரர் மகள். ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தைக்கு அவள் கிளம்பினால், படம் பார்க்கப் போவது போல் பின்னால் ஒரு கூட்டமே கிளம்பும். வாங்குவதற்கு அல்ல. தேவையே இல்லாத ஒரு மேசை விளக்கை எடுத்து, அதன் கழுத்தை அப்படியும் இப்படியும் திருகி, செத்த எலியைத் தூக்கியவள் போல இரண்டு விரலால் திரும்ப வைப்பாள். கடைக்காரர் தன் பிள்ளைகுட்டிகளை எல்லாம் சாட்சிக்கு இழுத்து, பாதி விலைக்கு இறங்கி வந்து மூச்சு வாங்கும்போது, "இருக்கட்டும் அண்ணே, வீட்ல ஒண்ணு கிடக்கு" என்று நகர்ந்துவிடுவாள். தோழிகளுக்கு அந்த வாரம் முழுக்கச் சிரிக்க அது போதும்.

அறைத்தோழியின் பெயர் கொசு. பல் தேய்க்கும்போதும் பாடுவாள், துணி அலசும்போதும் பாடுவாள், பரீட்சைக்குப் படிக்கும்போது வாயை மூடிக்கொண்டு பாடுவாள். குளியலறையில் காலி வாளிக்குள் தலையை விட்டுப் பாடினால் கிணற்றடியிலிருந்து குரல் வருவது போலிருக்கும். வெளியே நின்று பேரம் கதவில் தாளம் போடுவாள். வரிசையில் நிற்கிறவர்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவார்கள். தாளத்தோடு சரி, பேரம் வாய் திறந்து பாடி விடுதியில் யாரும் கேட்டதில்லை.

கல்லூரிக்கு எதிரே இருந்த காபிக் கடையில், சனிக்கிழமை மாலைகளில் யாரையாவது பாட வைக்கலாம் என்று மூலையில் பலகை போட்டு ஒரு மேடை மாதிரி செய்தார்கள். கொசு போய்க் கேட்டாள்.

"வர்ற சனிக்கிழமை பாடும்மா. கேக்குறவங்களுக்குப் பிடிச்சிருந்தா வாராவாரம் உனக்குத்தான்" என்றார் கடைக்காரர்.

அன்றிலிருந்து கொசுவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாளிக்குள் பாடுவது வேறு, ஆளுக்கு முன்னால் பாடுவது வேறு.

"நீ முன்னாடி உக்காருடி. உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே பாடிடுவேன்."

"என் மூஞ்சியில பாட்டு எழுதியா ஒட்டியிருக்கு?"

"தெரிஞ்ச மூஞ்சிடி. அது போதும்."

தெரிந்த முகம் என்று அவள் நினைத்ததுதான் பாவம். பேரத்தின் வீட்டில் முகமும் கல்லாப்பெட்டியும் ஒன்று. அடுத்தவர் முன்னால் திறந்து காட்டுவதில்லை. சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா அம்மாவோடு மொத்தக்கடைக்குச் சரக்கெடுக்கப் போவாள். அப்படி ஒருநாள், அடுக்கில் குட்டிக் கெட்டில் ஒன்று மின்னியது. "அப்பா, இது எவ்வளவு அழகா இருக்கு" என்று இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டாள். மொத்தக்கடைக்காரர் சிரித்தார். அதன் பிறகு விலையில் ஒரு பைசா அசையவில்லை. அம்மா தொடையில் கிள்ளிய தழும்பு மறைந்துவிட்டது. வெளியே வந்ததும் அப்பா சொன்னது மறையவில்லை.

"பிடிச்சிருந்தா உதட்டைத் தொங்கப் போடு. வாசலைப் பாரு. நீ கிளம்பிடுவேன்னு அவன் பயப்படணும்."

சனிக்கிழமை வந்தது. முன் நாற்காலியில் பேரம். முதல் பாட்டு கொஞ்சம் நடுங்கினாலும் கரையேறியது. இரண்டாவது, துணி அலசும்போது கொசு எப்போதும் முனகுகிற பாட்டு. வாளியும் தண்ணீர்ச் சத்தமும் இல்லாமல் அதை இப்போதுதான் பேரம் முழுதாகக் கேட்டாள். குரல் அந்தச் சின்னக் கடையைச் சுற்றி வந்து அவள் மேல் நின்றது. பிடிக்கப் பிடிக்க, முகம் தானாகப் பூட்டிக்கொண்டது. உதடு தொங்கியது. கண் வாசலுக்குப் போய்விட்டது.

மேடையில் கொசு அதைப் பார்த்தாள்.

பாட்டு அவசர அவசரமாக ஓட ஆரம்பித்தது. கடைசிச் சரணத்தை விழுங்கிவிட்டு, "அவ்வளவுதான்" என்று இறங்கிவிட்டாள். மூன்றாவது பாட்டு பாடவே இல்லை. கை தட்டினார்கள்; பாதிக் காபியோடு இருக்கிறவர்கள் தட்டுவது போல.

கடைக்காரர் மேசையைத் துடைத்தபடி பேரத்திடம் குனிந்தார். "கூட இருக்கிற பொண்ணாச்சே. எப்படிம்மா, வாராவாரம் போடலாமா?"

நாக்கு அவளைக் கேட்காமல் முந்தியது. "சுமார்தான் அண்ணே. இன்னும் பழகணும்."

விற்க வந்த இடத்தில் வாங்குகிறவள் வாயால் பேசிவிட்டாள். உறைத்துத் திரும்பினால், பின்னால் கையில் தண்ணீர் டம்ளரோடு கொசு.

அதன் பிறகு அறையில் ரீங்காரம் இல்லை. கொசு பல் தேய்த்தாள், வெறும் பல் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. இதைக்கூடப் பொறுக்கலாம். "சோப்பு எடுத்துக்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்கத் தொடங்கியதைத்தான் பேரத்தால் பொறுக்க முடியவில்லை. காபிக் கடைக்கு ஓடினாள்.

"அண்ணே, அன்னிக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அதனாலதான் அப்படிச் சொன்னேன்."

கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பிடிக்காம இருந்திருந்தா என்னம்மா சொல்லியிருப்பே?"

பேரம் மேசைமேல் இருந்த சர்க்கரைக் கிண்ணத்தை அப்படியும் இப்படியும் திருப்பினாள்.

"கிட்டாரோட ஒரு தம்பி வந்து கேட்டான், குடுத்துட்டேன். கூட இருக்கிறவளே சுமார்னு சொன்னா நான் என்ன செய்ய?"

திரும்பி வந்து, கெட்டில் கதையிலிருந்து எல்லாவற்றையும் கொசுவிடம் கொட்டினாள்.

"பிடிச்சா வாசலைப் பாப்பியா? அப்போ பிடிக்கலைன்னா மடியில வந்து உக்காருவியா?"

"எங்க வீட்ல எல்லாருமே அப்படித்தான்டி. எங்கப்பாவும்..."

அப்போதுதான் நினைவு வந்தது. பள்ளிக்கூட ஆண்டு விழா. எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய சடையோடு அவள் மேடையில் பாடுகிறாள். முன்வரிசையில் அப்பா, உதட்டைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி. எப்போது கிளம்பலாம் என்று பார்க்கிறார் போலும் என்றுதான் அன்று நினைத்தாள். அதற்குப் பிறகு அவள் பாடவில்லை.

அப்போதே வீட்டுக்குப் போன் போட்டாள். கரண்டிகள் மோதும் சத்தத்துக்கு நடுவே அப்பா குரல் வந்தது.

"வியாபார நேரத்துல என்னம்மா?"

"ஸ்கூல்ல ஒருதடவை பாடினேனேப்பா. எப்படி இருந்துச்சு?"

கரண்டிச் சத்தம் நின்றது.

"சுமாரா இருந்துச்சு." பிறகு, பக்கத்தில் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பது போல, "ஏன், மறுபடி பாடப் போறியா? என்னிக்குன்னு சொல்லு. கடையை அடைச்சிட்டு வர்றேன்."

சொந்தக் கல்யாணத்தன்றே காலையில் கடை திறந்த மனிதர்.

போனை வைத்த பிறகு பேரத்தால் தலையைத் தூக்க முடியவில்லை. அந்த முகம் எதிரே இருந்தால் பாட்டு எப்படி நின்றுபோகும் என்று சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டவள் அவள். தெரிந்த முகம் என்று நம்பி வந்தவளுக்கு அதையே எடுத்துக் காட்டியிருக்கிறாள்.

"ஒரே ஒருதடவை பாடுடி. நல்லாக் கேக்குறேன்."

கொசு அரை மனசாகத் தொடங்கினாள். முதல் வரியிலேயே பேரத்தின் உதடு கீழே இறங்கியது. அவசரமாக அதை மேலே இழுத்துப் பல்லைக் காட்டினாள்.

"வேணாம் தாயே, இதுக்கு அந்தத் தொங்குன உதடே மேல்" என்றாள் கொசு. சிரித்த மாதிரிதான் இருந்தது, சிரிக்கவில்லை. எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பாடினாள்.

பேரம் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, கதவு இருந்த பக்கம் திரும்பாமல், அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாளம் போடவும் கை எழவில்லை.