அடைமழை ஆர்டனின் மூன்றாவது பட்டன்

அடைமழை ஆர்டனை உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவனைத் தெரிந்தவர்கள் என்று இந்த உலகத்தில் நான் அறிந்தது இரண்டே பேர். ஒருவர் நிசார் பாய், இன்னொருவன் நான். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே மூளை என்பாள் என் மனைவி இவாஞ்சலின். அது நிசார் பாயுடையது என்பதையும் சேர்த்துச் சொல்வாள்.

ஆர்டன் ஒரு சித்திரக்கதை வீரன். எங்கள் பள்ளிக்கூட நாட்களில் வந்த ஒரு மாத இதழில், கடைசிப் பக்கங்களுக்கு வேறு சரக்கு கிடைக்காதபோது இவனைப் போடுவார்கள். வெளிநாட்டு ஆள், தமிழில் பெயர் வைத்து இறக்கியிருந்தார்கள். மழை பெய்தால் மட்டும்தான் அவனுக்குச் சக்தி. தூறலில் ஒரு காரைத் தூக்குவான், அடைமழையில் பாலத்தையே தூக்குவான். வெயில் அடித்தால் வீட்டில் ஜலதோஷத்தோடு கஷாயம் குடித்துக்கொண்டிருப்பான். அவன் ஊர்த் திருடர்கள் எல்லோரும் வானிலை அறிக்கை கேட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார்கள். எங்கள் வேலூர்ப் பக்கம் பிறந்திருந்தால் அவன் வருஷம் முழுக்கக் கஷாயத்திலேயே காலம் தள்ளியிருப்பான். ஒருவேளை அதனால்தான் எங்களுக்கு அவனைப் பிடித்ததோ என்னவோ.

கடுகு நிறத்தில் முழங்கால் வரை தோல் கோட்டு போட்டிருப்பான். நிமிர்ந்த காலர், தோளில் ஒரு மடிப்பு, முன்னால் ஆறு பட்டன். அதில் மூன்றாவது இருக்காது. முதல் கதையில் ஒரு ரயில் நிலையத்தில் அப்பா அம்மாவைத் தவறவிட்ட சின்னப் பெண் ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள். ஆர்டனுக்கு எங்கோ அவசரம். அந்தப் பட்டனைப் பிய்த்து அவள் கையில் வைத்து, "இதை வைத்திரு. திரும்பி வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்பான். அதற்குப் பிறகு வந்த எல்லாக் கதைகளிலும் அந்த இடம் காலியாகவே இருந்தது. அவன் திரும்பிப் போவதற்குள் பத்திரிகை நின்றுவிட்டது.

நிசார் பாய்க்கு அது தீராத பேஜார். ஆம்பூரில் நான் வேலை பார்த்த தோல் ஆடைத் தொழிற்சாலையில் அவர் சாம்பிள் செக்‌ஷன் டெய்லர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் படம் வரைந்து அனுப்பினால் அதைப் பார்த்து முதல் கோட்டைத் தைப்பவர். நான் அந்த பையர்களுக்கு இங்கிலீஷில் மெயில் போடுகிறவன். ஒருநாள் அவர் பேட்டர்ன் அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்த கோட்டைப் பார்த்து, "ஆர்டனா பாய்?" என்று கேட்டேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். அன்றிலிருந்து டீ குடிக்கும்போதெல்லாம் இதே பேச்சு.

"அந்தப் பாப்பா இன்னா ஆச்சி தோஸ்த்? இன்னும் அங்கியே நிக்கிதா?"

"பாய், அது வரைஞ்ச பாப்பா."

"வரைஞ்ச பாப்பான்னா கால் வலிக்காதா?"

பத்திரிகை நின்றுபோனதால் அவருக்கு மிச்சம் இருந்தது ஒரே வழி. ஆர்டனை வைத்து யாராவது படம் எடுக்க வேண்டும். 2003ஆம் வருஷம் அது. எந்தெந்தச் சித்திரக்கதை வீரர்களுக்கோ எல்லாம் படம் எடுத்து, தமிழ் பேச வைத்து, ஆம்பூர் வரைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"சினிமான்னா பட்டனைத் திருப்பி வாங்காம முடிக்க முடியாது. ஜனங்க சீட்டைக் கிழிச்சிடுவாங்க. எடுக்கட்டும், தெரிஞ்சிடும்," என்பார்.

வேலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நான் ஆர்டனைத் தேடினேன். அந்தப் பெயரில் இரண்டு பல் மருத்துவர்களும் ஒரு குதிரையும் கிடைத்தார்கள். வந்து சொன்னபோது நிசார் பாய் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணுமே இல்லியா? அப்ப படம் எடுத்துனுகிறான். அதான் மறைக்கிறான்."

சிரித்தேன். சிரித்த மறுவாரம் அந்த ஆர்டர் வந்தது.

பையர் அனுப்பிய படத்தைப் பிரிண்ட் எடுத்தபோது என் கை நடுங்கியது என்று சொன்னால் மிகை, பிரிண்டர்தான் நடுங்கியது. ஆனால் காகிதத்தில் நின்றது அந்தக் கோட்டுதான். கடுகு நிறம், நிமிர்ந்த காலர், தோள் மடிப்பு எல்லாம் இருந்தன. கீழே இருபத்து நான்கு பீஸ் என்று போட்டிருந்தது. லேபிள் எதுவும் வேண்டாமாம்.

நிசார் பாய் படத்தை விட அளவைத்தான் முதலில் பார்த்தார். "எல்லாம் ஒரே சைஸா?"

எங்கள் தொழிலில் யாரும் ஒரே சைஸில் ஆர்டர் கொடுக்கமாட்டார்கள். கடைக்குப் போகிற சரக்கென்றால் சின்னது கம்மி, நடுத்தரம் ஜாஸ்தி, பெரியது கொஞ்சம் என்று கலந்துதான் ஆர்டர் வரும். இருபத்து நாலும் ஒரே உடம்புக்கு என்றால்?

"ஒரே ஆளு," என்றார் நிசார் பாய். "ஹீரோ ஒருத்தன்தானே? சண்டைக்கு நாலு, நெருப்புல எரிய நாலு, மழையில ஊற எட்டு. கணக்கு சரியா வருதா இல்லியா?"

எனக்கும் சரியாகத்தான் வந்தது. கணக்கில் நான் எப்போதுமே வீக்.

ஒன்று மட்டும் இடித்தது. படத்தில் ஆறு பட்டனும் இருந்தன. "தப்பு பண்றான் தோஸ்த். மூணாவது வேணாம்னு எழுது," என்றார் நிசார் பாய். எழுத முடியுமா? பட்டன்களின் எண்ணிக்கையை உறுதிசெய்யவும் என்று பணிவாக ஒரு மெயில் போட்டேன். ஆறு, படத்தில் உள்ளபடி என்று பதில் வந்தது. அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு பையரின் ஆள் ஹென்ட்ரிக் வந்தார். ஒட்டகச்சிவிங்கிக்குக் கண்ணாடி மாட்டிய மாதிரி உயரம். முதலாளி ரஷீத் சாப் அவரை ஆபீஸில் உட்கார வைத்து டீ கொடுத்துக்கொண்டிருக்க, நான் சரக்கை ஒரு பார்வை பார்க்க உள்ளே போனேன். இருபத்து நான்கு கோட்டுகள் ஸ்டாண்டில் தொங்கின. ஒன்றிலும் மூன்றாவது பட்டன் இல்லை.

"பாய்! இன்னா வேலை பண்ணி வெச்சிருக்கீங்க?"

"சினிமாவுல தப்பா வந்துட்டா அப்புறம் எப்டி திருப்பி வாங்குவான்? கோட்டுலயே இருக்குற பட்டனைப் போய் யார்கிட்ட கேப்பான்?"

"சாப் நம்ம தோலை உரிச்சி அதுலயே ஒரு கோட்டு தெப்பாரு."

"என் தோலு தேறாது. உன்னுது வேணா கைக்குட்டைக்கு ஆவும்."

அவர் சிரிக்கவில்லை. முகம் வெளிறியிருந்தது. இந்த ஆர்டர் திரும்பிப்போனால் சாம்பிள் செக்‌ஷனில் அவர் நாற்காலி இருக்காது என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்கும் தெரியும். ஊசி நூலை எடுங்கள் என்று நான் சொல்ல வாயைத் திறந்தபோது ஹென்ட்ரிக் வாசலில் குனிந்து உள்ளே வந்தார்.

ஒரு கோட்டை மேஜையில் விரித்தார். காலரை அளந்தார், தையலை இழுத்துப் பார்த்தார், தலையை ஆட்டினார். அப்புறம் விரலால் பட்டன்களை மேலிருந்து கீழாகத் தொட்டுக்கொண்டே வந்து நடுவில் நின்றார். அடுத்த கோட்டை எடுத்தார். அதற்கு அடுத்ததையும். பிறகு சாப்பைப் பார்த்தார், சாப் என்னைப் பார்த்தார். நான் திரும்பினேன். பின்னால் சுவர் இருந்தது.

பயத்தில் ஒருவன் உண்மை பேசிவிடுவான் என்பார்கள். நான் முழுக் கதையும் பேசிவிட்டேன். மழை, கஷாயம், ரயில் நிலையம், சின்னப் பெண், பத்திரிகை நின்றது, படம் வருவது எல்லாவற்றையும் என் இங்கிலீஷில் ஒரே மூச்சில் சொன்னேன். என் இங்கிலீஷ் கடிதத்தில் கோட்டு போட்டிருக்கும், வாய்க்கு வந்தால் பனியனோடு நிற்கும்.

ஹென்ட்ரிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்தப் படம்?" என்றார்.

"நீங்கள் எடுக்கும் படம்."

"நாங்கள் துணிக்கடை நடத்துகிறோம்."

அப்புறம் நிதானமாக விளக்கினார். அவர்களுக்கு இருபத்து நான்கு கடைகள். ஒவ்வொரு கடையின் கண்ணாடி ஜன்னலிலும் ஒரு பொம்மை நிற்கும். பொம்மைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை, அதனால் ஒரே சைஸ். விற்பனைக்கு இல்லை, லேபிள் தேவையில்லை. ஜன்னல் அலங்காரம் செய்யும் பெண் வரைந்த கோட்டு. எங்கிருந்து பார்த்து வரைந்தாள் என்று அவருக்குத் தெரியாது.

நிசார் பாய் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "இன்னா சொல்றாரு? ஹீரோ யாராம்?"

இந்த ஒரு இடத்தில் பொய் சொல்லியிருக்கலாம். சரளமாக வரக்கூடிய ஒரே மொழி எனக்கு அதுதான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வரவில்லை. "பொம்மைக்காம் பாய். கடை ஜன்னல்ல நிக்கிற பொம்மைக்கு. படம்லாம் இல்ல."

"இல்லியா?"

"இல்ல பாய்."

சாப் ஹென்ட்ரிக்கிடம் சிரித்துச் சமாளித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "பட்டனை வெச்சிக் கொடுங்கய்யா. சாப்புட்டு வர்றதுக்குள்ள முடிக்கணும். மத்ததை அப்புறம் பேசிக்கிறேன்." இருவரும் பிரியாணியை நோக்கிப் போனார்கள்.

நிசார் பாய் நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டன் டப்பாவை நான் எதிரில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"பாய், நேரமாவுது."

"நீ வெய்யி தோஸ்த். என்னால முடியாது."

"நான் வெச்சா பாக்கெட்டுல போய் நிக்கும்."

"அந்தப் பாப்பா அங்கியே நிக்குது. நான் இங்க பட்டனை வெச்சி மூடிடணுமா? அதுக்கு இன்னா அர்த்தம்?"

அவருடைய நாற்காலியைப் பார்த்தேன். சாப் போன வழியைப் பார்த்தேன். அடுத்து நான் சொன்னது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

"ஆறு பட்டன் இருக்குதுன்னா அவன் திரும்பிப் போனான்னுதானே பாய் அர்த்தம்?"

நிமிர்ந்தார். "இன்னா?"

"போனான், பாப்பாவைப் பார்த்தான், வாங்கிட்டான். அதுக்கப்புறம் வரைஞ்ச படம் இது. நம்மதான் கதையோட பழைய கோட்டையே புடிச்சித் தொங்கிட்டு இருக்கோம்."

"யார் சொன்னா உனக்கு?"

"கடை ஜன்னலை அலங்காரம் பண்ற அம்மா வரைஞ்சிருக்காங்களே. மெயில் போட்டுக் கேட்டப்பவும் ஆறுதான்னு அடிச்சி சொன்னாங்களே."

நிசார் பாய் ஸ்கெட்சை எடுத்து வெகுநேரம் பார்த்தார். "வளந்திருப்பாளா?"

"யாரு?"

"பாப்பா."

"வளந்திருப்பா பாய். கல்யாணம்கூட ஆயிருக்கும்."

"இவன் போன் பண்ணியிருக்கலாம்," என்று முணுமுணுத்தபடி ஊசியில் நூலைக் கோத்தார். முதல் கோட்டில் பட்டனை வைத்து, நூலை நான்கு சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்தார். கோபமா நிம்மதியா என்று தெரியவில்லை. இரண்டாவது கோட்டை இழுத்தார். நான் ஊசிகளுக்கு நூல் கோத்துக் கொடுத்தேன். அந்த வேலையை மட்டும் நம்பி என்னிடம் விட்டார்.

பாதிக்கு மேல் முடிந்திருந்தபோது வெளியே கார் கதவு சத்தம் கேட்டது. பிரியாணி முடித்து வந்த ஹென்ட்ரிக் கேமரா எடுக்கக் காருக்குப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் கையசைத்துக் கூப்பிட்டார். திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று போனேன்.

"அந்தப் படம்," என்றார். "எப்போது வருகிறது?"

எந்தப் படமும் இல்லை என்று சற்றுமுன் எனக்கு விளக்கியவரே இவர்தான். பிரியாணி இப்படியும் வேலை செய்யுமா? அல்லது வேறு யாரோ எடுக்கிறார்கள் என்று எங்களை மாதிரியே நம்பிவிட்டாரா? கண்ணாடிக்குள் அவர் கண்கள் பதிலுக்குக் காத்திருந்தன. உள்ளே நிசார் பாய் குனிந்து தைத்துக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"அடுத்த வருஷம்," என்றேன்.

"என் மகளை அழைத்துப் போக வேண்டும்," என்று சொல்லிவிட்டு கேமராவோடு உள்ளே போனார்.

சாப் பல் குத்திக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றார். "இன்னாய்யா கேக்கறான் அவன்?"

"படம் எப்ப ரிலீஸுன்னு கேக்கறாரு சாப்."

"இன்னா படம்?"

திட்டுவதற்குத்தான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டு நகரவில்லை. பல்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு நின்றார்.

"ஒரு ரயில்வே ஸ்டேஷன் சாப்," என்று ஆரம்பித்தேன். "செம மழை."