ஏழாம் தறி

பகவதி விசைத்தறி ஷெட்டில் தார்க் குச்சிகளில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். கண் நூலில் இருந்தது, காது மட்டும் ஷெட் முழுக்க நடமாடிக்கொண்டிருந்தது. எந்தத் தறி நின்றாலும் அவள் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை. மூன்றாம் தறி நின்றால் குறுக்கே ஓடும் நாடாவில் நூல் தீர்ந்திருக்கும். பதினோராம் தறி நின்றால் இழை அறுந்திருக்கும், அதற்கு எப்போதும் அதே வேலைதான். நூல் சுற்றிய தார்களைக் கூடையில் அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் போய் நிற்கும்போது, தறிக்காரர் அப்போதுதான் "யக்கா, தாரு" என்று வாயைத் திறப்பார்.

"இவளுக்கு முதுகுலயும் காது உண்டு" என்று முதலாளி காந்திமதிநாதன் வருகிறவர்களிடம் சொல்வார். அத்தனை வருஷத்தில் அவர் அவளைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

பத்து மணி வாக்கில் கரண்ட் போயிற்று. தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. அந்த ஷெட்டில் சத்தம் நின்றால்தான் காதுக்குள் இரையும். தறிக்காரன் ஹரிசங்கர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போனான். மற்றவர்கள் வாசல் பக்கம் காற்றுக்கு உட்கார்ந்தார்கள். பகவதிக்குப் பக்கத்தில் தார் சுற்றும் ஷிரின் பானு முக்காட்டை உதறி, பஞ்சுத்தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

முதலாளி போனும் கையுமாக உள்ளே வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது.

"இந்தக் கூத்தக் கேட்டியளா?" என்று ஒரு பாவு உருளை மேல் உட்கார்ந்து போனை அழுத்தினார்.

'காக்கா கத்துது' என்று ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் இருந்தது. யார் நடத்துகிறார்கள் என்று தெரியாது. ஊரில் பாதிப் பேர் அதைப் பார்த்தார்கள், பார்த்ததை மீதிப் பேருக்கு அனுப்பினார்கள். ஒரு பாட்டில் மஞ்சள் தண்ணீரின் படம், அதற்கு மேல் ஒரு குரல். குரலை ஏதோ ஆப்பில் போட்டுச் சின்னப் பிள்ளைக் குரலாக மாற்றியிருந்தார்கள்.

"அன்பான வார்டு மக்களே, இது டீ இல்ல, நம்ம குடிதண்ணி. வாரத்துக்கு ஒருக்கா வருது, வரும்போது சாக்கடையவும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வருது. தெருவுல நாலு பிள்ளைக்கு மஞ்சக்காமால. கவுன்சிலர் அம்மாவ ஓட்டுக் கேக்க வந்தன்னைக்குப் பாத்தது. எங்கயாச்சும் பாத்தா வீட்டுக்கு வரச் சொல்லுங்க, ஒரு தம்ளர் தண்ணி குடுப்போம்."

வாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். கவுன்சிலர் அம்மா அவருடைய தம்பி பெண்டாட்டி. தம்பியைத்தான் ஊர் கவுன்சிலர் என்று கூப்பிடும், அந்த அம்மாவை யாரும் எப்படியும் கூப்பிட்டதில்லை. முதலாளியே சிரிக்கிறாரே என்ற தைரியத்தில் மற்றவர்கள் இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

"யாரு பேசுதான்னுதான் பிடிபட மாட்டுக்கு" என்றார் முதலாளி. "பகவதி, நீ கேளு. ஒனக்குத்தான் முதுகுலயும் காதுல்லா."

அவர் மறுபடியும் போட்டார். பகவதி குனிந்து காதைக் கொடுத்தாள். பேச்சை அவள் கேட்கவேயில்லை. பேச்சுக்குப் பின்னால் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நாடா வலப்பக்கம் போய்ச் சேரும்போது கணீரென்று ஒரு தட்டு, இடப்பக்கம் திரும்பும்போது மொண்ணையாக ஒன்று, அடுத்த தட்டுக்கு முன்னால் ஒரு சின்னத் தயக்கம்.

"இது நம்ம ஏழாந்தறில்லா" என்றாள் பகவதி.

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள், பாராட்டுக்குத்தான். முதலாளியின் முகத்தில் சிரிப்பு இல்லை. பக்கத்தில் ஷிரின் பானு காலியான ராட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். ஏழாம் தறி யாருடையது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஹரிசங்கர் தூக்குவாளியோடு உள்ளே வந்தான். முதல் தம்ளரை முதலாளிக்குத்தான் ஊற்றிக் கொடுத்தான். அவர் அதை வாங்கிக் குடித்துவிட்டு, கரண்ட் வரும்வரை உருளை மேலேயே உட்கார்ந்திருந்தார். வந்ததும் ஏழாம் தறியை ஓட்டச் சொன்னார். அதன் முன்னால் நின்று போனைக் காதில் வைத்து ஒருமுறை கேட்டார், போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு ஒருமுறை கேட்டார்.

"வீட்டுல பேசுனா பொண்டாட்டி வைவா, பிள்ள முழிச்சுக்கிடும்" என்று ஹரிசங்கர் பிறகு ஆபீஸ் அறையில் சொன்னானாம். "இங்கனன்னா தறி ஓடயில யாருக்கும் கேக்காதுன்னு பேசிட்டேன் மொதலாளி." தறிக்காரன் செய்கிற தப்புத்தான் அது. காலையிலிருந்து இருட்டும்வரை அந்தச் சத்தத்தில் கிடப்பவனுக்கு அது சத்தமாகவே படாது. குரலை மாற்றினான், பேரை மறைத்தான், தறியை மறந்துவிட்டான்.

சாயங்காலம் வீடியோ வந்துவிட்டது. பகவதியின் புருஷன் அதே ஷெட்டில் பாவு ஓட்டுகிறவர். சாப்பிட்டுக்கொண்டே போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். ஹரிசங்கர் ஆபீஸ் அறைச் சுவரோரம் கையைக் கூப்பியபடி நிற்கிறான். "நான் தவறான தகவலைப் பரப்பிவிட்டேன். எங்கள் வார்டில் தண்ணீர் சுத்தமாக வருகிறது. கவுன்சிலர் அம்மா அவர்களிடமும் அவரது குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்." யாரோ எழுதிக் கொடுத்த தமிழ். நடுவில் ஒருமுறை கண்ணை ஓரமாகத் திருப்பி, சரியாகச் சொல்கிறோமா என்று யாரையோ பார்க்கிறான். கீழே சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள் வரிசையாக இருந்தன. 'காக்காவுக்குத் தொண்டை கட்டிருச்சு' என்று ஒருவர் எழுதியிருந்தார். நேற்று அதே காக்காவுக்குக் கைதட்டியவர்தான்.

மன்னிப்புக் கேட்டால் வேலை போகாது என்று சொல்லித்தான் கும்பிட வைத்தார்கள். கும்பிட்ட பிறகு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள்.

"நீ என்ன, வேணும்னா சொன்ன?" என்றார் புருஷன். "வாய்ல வந்துட்டு. விடு."

அவளால் விட முடியவில்லை. வேண்டுமென்று சொல்லவில்லை, சரி. ஆனால் எதற்குச் சொன்னாள்? ஒரு நல்ல வார்த்தைக்கு. அந்த வார்த்தைக்காக ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டாயிற்று. அதை நினைக்கும்போதெல்லாம் முகம் சுட்டது. தட்டில் இருந்ததை அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

மறுநாள் ஏழாம் தறியில் புது ஆள் நின்றான். தார் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அந்தத் தறியை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மத்தியானம் சோற்றுவாளியைத் திறந்தபடி ஷிரின் பானுவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"நெசமாவே என்ன ஏதுன்னு எனக்குத் தெரியாதுட்டி. சத்தம் மட்டுந்தான் தெரிஞ்சுது."

"எனக்குந்தான் தெரிஞ்சுது யக்கா" என்றாள் ஷிரின்.

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு ஊறுகாயை எடுத்து, எப்போதும் போல, பகவதியின் வாளியில் கொஞ்சம் வைத்தாள். திட்டியிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

ஹரிசங்கர் வீடு அவள் தெருவிலேயே இரண்டு முடுக்கு தள்ளி இருந்தது. நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டு, வெள்ளிக்கிழமை வேலை விட்டு வரும்போது வாய்க்கால் ஓரத்தில் கீழாநெல்லி பிடுங்கிக் கொத்தாகக் கட்டி எடுத்துக்கொண்டாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். 'நாந்தான் தாயி சொன்னேன். தெரியாமச் சொல்லிட்டேன்.' அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

ஹரிசங்கர் வீட்டில் இல்லை. அவன் பெண்டாட்டி லட்சுமிப்ரியா அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை பாயில் சுருண்டு கிடந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

"வாங்க யக்கா. ஷெட்லேருந்து ஒருத்தரு எட்டிப் பாக்கல, நீங்கதான் வந்திருக்கிய" என்று லட்சுமிப்ரியா கீழாநெல்லியை வாங்கிக் கண்ணில் ஒற்றாத குறையாக வைத்துக்கொண்டாள். "அவரு வேல தேடி ராஜபாளையம் போயிருக்காரு. புளியங்குடியில கேட்டதுக்கு, வீடியோவப் பாத்துட்டு, காக்காவெல்லாம் எங்களுக்கு வேண்டாம்பான்னு சிரிக்காங்களாம்."

பகவதி உட்கார்ந்தாள். "நான் ஒண்ணு சொல்லணும்னு வந்தேன் தாயி" என்று ஆரம்பித்தாள்.

"சொல்ல வேண்டாம், எங்களுக்கே தெரியும்" என்றாள் லட்சுமிப்ரியா. "தார் சுத்துதவளுக்குத்தான் ஒவ்வொரு தறிச் சத்தமும் தெரியும்னு இவரு சொன்னாரு. ரெண்டு பேருல்லா சுத்துதிய. நீங்க சொல்லுத ஆளு இல்ல. அப்ப யாரு? அந்த ஷிரின் பானுதான். நேத்து கடையில வச்சுப் பாத்தேன், என்ன, பிள்ள எப்படி இருக்குன்னு கேக்கா. மூஞ்சியத் திருப்பிட்டு வந்துட்டேன்."

இப்போது சொல்லியிருக்க வேண்டும். "அவ நல்ல பிள்ளதான்" என்று மட்டும் பகவதி சொன்னாள், அதுவும் தனக்கே கேட்காத குரலில். லட்சுமிப்ரியா வடிகட்டிய தண்ணீரில் ஒரு தம்ளர் அவளுக்கும் தந்தாள். குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். போகும்போது ஒரு பழி தலையில் இருந்தது, வரும்போது இரண்டாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குழாயில் தண்ணீர் வரும் முறை. விடிந்ததுமே தெருக்குழாயில் குடங்கள் வரிசைக்கு வந்துவிட்டன. லட்சுமிப்ரியா முதல் ஆளாக நின்றாள். நாலைந்து குடம் பின்னால் பகவதி. தண்ணீர் வருவதற்கு முன்னால் ஒரு கார் வந்தது. முதலாளி இறங்கினார், தம்பியும் இறங்கினார், வெள்ளைச் சட்டையில் இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவன் கையில் போனும் அதை நிறுத்தும் கம்பியும் இருந்தன. இன்னொருவன் பின்கதவைத் திறந்து, கடையில் விற்கிற பெரிய தண்ணீர்க் கேன் ஒன்றைத் தோளில் தூக்கினான்.

தம்பி கும்பிட்டார். "ஒண்ணுமில்ல தாய்மாரே, நம்ம வார்டப் பத்திக் கண்டபடி போட்டுட்டாங்க. பதிலுக்கு ஒரு நல்ல வீடியோ போடணும். ஒரு ஆளு பேசுனாப் போதும்."

முதலாளி வரிசையை ஒருமுறை பார்த்தார். "நம்ம பகவதி இருக்காள்லா. வா, வா."

"எனக்குப் பேச வராது மொதலாளி."

"அன்னைக்குப் பேசுனியே" என்றார் அவர் உரிமையோடு. தம்பியிடம் திரும்பி, "காக்கா இன்னாருன்னு கண்டுபிடிச்சது இவதான். போனுல ஒருக்காக் கேட்டுட்டு, ஏழாந்தறின்னு பட்டுன்னு சொல்லிட்டா. இவளுக்கு முதுகுலயும் காது" என்றார்.

வரிசை முழுக்க அதைக் கேட்டது. லட்சுமிப்ரியா திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பகவதி தாங்கியிருப்பாள். அவள் புரியாதவள் மாதிரி பார்த்தாள். பிறகு புரிந்துவிட்டது. முகத்தைக் குழாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பகவதிக்கு அப்படியே தரைக்குள் போய்விட வேண்டும் போல் இருந்தது. மாட்டேன் என்று சொல்ல ஒரு நிமிஷம் வாய் வந்தது. அவளும் புருஷனும் இரண்டு பேருமே அந்த ஷெட்டில்தான். ராஜபாளையம் வரைக்கும் போய் அலைகிறவனை நினைத்தாள். கால் தானாக முன்னால் போயிற்று.

போன் பிடிக்கிறவன் அவளைக் குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினான். "பிளாஸ்டிக் குடம் வேண்டாம், பளிச்சுன்னு இருக்காது" என்றவன், லட்சுமிப்ரியாவின் எவர்சில்வர் குடத்தை அவள் கையிலிருந்து வாங்கினான். "ஒரு நிமிசம்மா, தந்துருவோம். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல விழுவுது." கேன்காரன் குடத்தில் பாதி ஊற்றினான். தண்ணீர் அடி தெரிகிற மாதிரி இருந்தது.

பகவதி தம்ளரில் மொண்டாள். "எங்க வார்டுல தண்ணி நல்லா வருது" என்றாள்.

"குடிச்சுட்டுச் சொல்லுங்க" என்றான் அவன்.

குடித்துவிட்டுச் சொன்னாள்.

"மொகத்த இப்படித் தூக்கி வச்சுக்கிட்டா எப்படி? சிரிச்சாப்ல."

இன்னொரு தம்ளர் குடித்தாள். மூன்றாவது தம்ளரில் அவளுக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். போதும் என்று விட்டுவிட்டார்கள். தம்பி படத்தைப் போட்டுப் பார்த்து, "நல்லா வந்திருக்கு" என்றார்.

லட்சுமிப்ரியா கேன்காரனிடம் வந்தாள். பகவதி நிற்கும் பக்கம் அவள் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, குடத்துல கெடக்குற தண்ணிய விட்டுட்டுப் போங்க. பிள்ளைக்கு ஆகும்."

கேன்காரன் தம்பியைப் பார்த்தான். தம்பி போனில் இருந்தார். "இது ஆபீசுக்கு வாங்குன கேனும்மா" என்று சொல்லி, கேனைத் தரையில் நிறுத்திவிட்டு, குடத்தை அதன் வாய்க்குச் சரியாகப் பிடித்துச் சாய்த்தான். கொஞ்சம் ரோட்டில் சிந்தியது. கடைசிச் சொட்டுக்குக் குடத்தைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினான். மூடியைத் திருகிக் கேனைக் காரில் ஏற்றினான்.

"ரொம்ப நன்றிம்மா" என்று காலிக் குடத்தை லட்சுமிப்ரியாவிடம் கொடுத்தான்.

குழாயில் தண்ணீர் வரத் தொடங்கியிருந்தது. அவள் விட்டுவந்த இடத்தில் அதற்குள் வேறு குடம் ஏறிவிட்டது. லட்சுமிப்ரியா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வரிசையின் கடைசிக்கு நடந்துபோய் நின்றாள்.