உக்கிரபாண்டி இருப்பு வைத்த மைல்கள்

1

இந்தக் கதை மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கும் உக்கிரபாண்டி அண்ணன் வீட்டுக்கும் நடுவிலிருக்கும் மதில் என் தோள் உயரம்தான். நான் எட்டிப் பார்ப்பதில்லை. துணி காயப்போடுகிறேன். துணி காயப்போடும்போது கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லையே.

(இரண்டு பேர் இருக்கும் வீட்டில் அவ்வளவு துணி ஏது என்று கேட்பவர்கள், அவரவர் மதில் கதையை எழுதிக்கொள்ளட்டும்.)

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

"மாதத்தில் நாலைந்து நாள், பொழுது சாயும் நேரத்தில், அருப்புக்கோட்டை கொத்தமல்லிக் கமிஷன் கடை உக்கிரபாண்டி சலவை வேட்டி கட்டிக்கொண்டு மதுரை பஸ் ஏறுவார். மறுநாள்தான் வருவார். வரும்போது அவர் மேல் வேறு வீட்டு சோப்பு வாசம் அடிக்கும். அவர் மனைவி தங்கலட்சுமி அந்த வாசத்தை மோந்து பார்த்து, கதவோரம் நின்று—"

அடித்துவிட்டேன். இதற்கு மேல் எழுத நான் தேவையில்லை. சின்ன வீட்டுக் கதை தன்னைத்தானே எழுதிக்கொள்ளும். தெருவில் பாதிப் பேர் ஏற்கெனவே எழுதி முடித்தும் விட்டார்கள். காரியாபட்டியில் ஒரு டீச்சர் என்று ஒரு கட்சி. டீச்சரெல்லாம் இல்லை, மதுரையில் நர்ஸ் என்று இன்னொரு கட்சி. நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. இரண்டு கட்சிக்கும் செய்தி கொடுத்து உதவினேன், அவ்வளவுதான்.

உண்மை தெரிந்தபோது தெருவே சோர்ந்து போனது. மனிதர் மதுரையில் ஒரு பெரிய ஓட்டலில் அறை எடுத்து, தன்னந்தனியாகப் படுத்து, குறட்டை விட்டுத் தூங்கிவிட்டு வருகிறார்.

2

இரண்டாவது ஆரம்பம்:

"சிங்கப்பூரில் இருக்கும் மகள் ராஜேஸ்வரிக்குத் தலைப்பிரசவம். தாய் தங்கலட்சுமி பக்கத்தில் இருக்க வேண்டும்."

இது பரவாயில்லை. இதில் எல்லாம் இருக்கிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வருவதுதான் முறை. ராஜேஸ்வரிக்கு டாக்டர் பயணம் கூடாது என்று சொல்லிவிட்டதால், தாய் வீடு கிளம்பிப் போக வேண்டியிருந்தது. பாஸ்போர்ட், விசா எல்லாம் தயார். தங்கலட்சுமி பிரசவ மருந்து இடித்துச் சலித்து டப்பாவில் அடைத்து, பெட்டியையும் கட்டிவிட்டாள். டிக்கெட் மட்டும்தான் பாக்கி. அது இருந்தது உக்கிரபாண்டியின் போனுக்குள், பாயிண்டுகளாக.

பாயிண்டு என்றால் என்ன என்று கேட்கும் பாக்கியவான்களுக்காக ஒரு வார்த்தை. கிரெடிட் கார்டைத் தேய்த்தால் பாயிண்டு விழும். அதை விமான கம்பெனிக்கு மாற்றினால் மைல் ஆகும். மைல் சேர்ந்தால் டிக்கெட். ஓட்டல்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், வருஷத்துக்கு இத்தனை ராத்திரி எங்களிடம் தங்கினால் நீங்கள் கோல்டு மெம்பர் என்பார்கள். கோல்டு மெம்பருக்குக் காலை டிபன் இலவசம். அறையை மத்தியானத்துக்கு மேல் காலி செய்தாலும் கேட்கமாட்டார்கள். ராத்திரிக் கணக்கு குறைந்தால் தங்கம் வெள்ளியாகிவிடும்.

வெள்ளியாகிவிடக் கூடாதே என்றுதான், சொந்தக் கட்டில் இருக்கும் ஊரை விட்டு உக்கிரபாண்டி பஸ் ஏறினார். ராத்திரிச் சாப்பாடு ஓட்டலில் விலை என்பதால் தங்கலட்சுமி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைக் கொண்டுபோய், ஏ.சி. அறையில், பஞ்சு மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். இதெல்லாம் அவரே சொன்னதுதான். பெருமையாகச் சொன்னார்.

தங்கலட்சுமி மதிலோரம் வந்து சொன்னது வேறு.

"பொம்பளையா இருந்தா வீடு தேடிப் போயி மயித்தப் பிடிச்சு இழுத்துட்டு வந்துருவேன் மதினி. பாயிண்டை எதப் பிடிச்சு இழுக்க?"

3

இந்த இடத்தில் எனக்கே ஒரு சந்தேகம். இப்படி ஒரு மனிதர் இருப்பாரா? கதைக்காகக் கொஞ்சம் ஊதிவிட்டேனோ? எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஊதவில்லை, உண்மையில் குறைத்துத்தான் இருக்கிறேன். நாகசுப்பிரமணியன் வீட்டு விசேஷத்தை இன்னும் சொல்லவில்லையே.

நாகசுப்பிரமணியன் எங்கள் தெருக்கோடியில் விசைத்தறி வைத்திருப்பவர். மகள் தேவிபிரியாவின் கல்யாணத்துக்கு நகை எடுக்க மதுரைக்கு வேன் பிடித்தார்கள். வேனில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தவர் உக்கிரபாண்டி. சொந்தமும் இல்லை, சாதியும் வேறு. அந்த வீட்டுப் பெண்கள் தங்களுக்குள் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவருக்குப் புரியவில்லை, புரிந்திருந்தாலும் இறங்கியிருக்கமாட்டார். நகைக்கடையில் கல்லா முன்னால் நின்று, "பணத்த எங்கையில குடுங்க, கார்ட நான் தேய்க்கேன்" என்று கார்டை நீட்டினார். நகை அவர்களுக்கு, பாயிண்டு இவருக்கு. மாப்பிள்ளை வீட்டார் இவரைப் பெண்ணின் தாய்மாமன் என்று நினைத்துக்கொண்டு வணக்கம் வைத்தார்கள். இவரும் வைத்தார்.

அதற்குப் பிறகு ஊரில் யார் வீட்டில் காது குத்து, யார் வீட்டில் பம்புசெட் மோட்டார் வாங்குகிறார்கள் என்பது என்னைவிட முந்தி அவருக்குத் தெரிய ஆரம்பித்தது. எனக்கு இது கொஞ்சம் தொழில் பாதிப்புதான்.*

* இதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

4

அப்படியென்றால் எடுத்துச் செலவழிக்க வேண்டியதுதானே? இரண்டு பேர் சிங்கப்பூர் போக வேண்டிய மைல் எப்போதோ சேர்ந்துவிட்டது. மதுரையில் ஏறினால் நேராகச் சிங்கப்பூரில் இறக்கிவிடும் விமானம் இருக்கிறது.

இங்கேதான் கட்டுரைக்காரத் தொனியில் ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கரிசல் பக்கத்தில் மல்லி விதைக்கிறவனுக்கு வானம்தான் முதலாளி. வாங்கி வைக்கிறவனுக்கு முதலாளி பொறுமை. அறுப்பு சமயத்தில் பரளச்சி, திருச்சுழிப் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும்; விலை தரையில் கிடக்கும். அப்போது விற்கிறவன் முட்டாள். குடோனில் அடுக்கி, வண்டு விழாமல் மருந்து வைத்து, விலை ஏறும்வரை பூட்டி வைக்கிறவன் வியாபாரி. உக்கிரபாண்டி முப்பது வருஷ வியாபாரி. ஏறாத விலைக்கு ஒரு கைப்பிடி மல்லிகூடக் கொடுத்ததில்லை. வாழ்க்கையில் அவர் விற்கிற பக்கத்திலேயே நின்றவர்.

அவர் மைலையும் அடுக்கி வைத்தார். நேர் விமானத்தில் சாதா சீட்டுக்கு மைலைக் கொடுப்பது தரைவிலைக்கு விற்பது போல. டெல்லி போய் அங்கிருந்து சிங்கப்பூர் போகும் விமானத்தில், காலை நீட்டிப் படுக்கிற சீட்டு வாங்கினால் மைலுக்கு மூன்று மடங்கு மதிப்பு. அந்தச் சீட் எப்போதாவதுதான் திறக்கும். திறக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

தெற்கே இருக்கும் ஊருக்கு வடக்கே போய்த் திரும்புவானேன் என்று தங்கலட்சுமி கேட்டாள். உனக்கு வியாபாரம் தெரியாது என்றார்.

காசு கொடுத்து டிக்கெட் எடுக்கலாமே என்றாள். குடோன் நிறைய மல்லியை வைத்துக்கொண்டு எவளாவது கடையில் போய் மல்லிப்பொடி வாங்குவாளா என்றார்.

மாப்பிள்ளை டிக்கெட் போட்டு அனுப்புகிறேன் என்கிறார் என்றாள். பெண்ணுக்குப் பிரசவம் பார்ப்பது பெண் வீட்டுச் செலவு; மாப்பிள்ளை காசில் போய் இறங்கினால் சொந்த ஊர் பரளச்சியில் தலைகாட்ட முடியுமா என்றார்.

மூன்று வாசலையும் அடைத்துவிட்டு, போனை எடுத்துச் சீட் திறந்திருக்கிறதா என்று பார்த்தார். திறக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் பாருங்க தங்கச்சி, பாயிண்டுல வண்டு விழாது" என்று மதில் வழியாக என்னிடம் சொன்னார்.

5

பிறகு ஒரு நாள் மத்தியானம் காராச்சேவுப் பொட்டலத்தோடு வீடு வீடாக வந்தார். முகத்தில் அறுவடை களை.

"ஏறிருச்சு தங்கச்சி. ஒரே ராத்திரியில ரெண்டு மடங்கு. நாஞ் சொன்னேன்ல?"

விமான கம்பெனி மெயில் அனுப்பியிருந்தது. இதுவரை இத்தனை மைலுக்குக் கொடுத்த சீட்டுக்கு அடுத்த மாதத்திலிருந்து இரண்டு மடங்கு மைல். எண் ஏறியிருக்கிறது. எண் ஏறினால் லாபம். மல்லிக் கடையில் அவர் வேறு விதமாகப் பார்த்ததே இல்லை.

எனக்கு அப்போதே ஏதோ இடித்தது. ஆனால் வாயில் காராச்சேவு இருந்தது.

சாயங்காலம் ராஜேஸ்வரி போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள்; என்மேல் தப்பில்லை. அப்பா சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, பிள்ளைத்தாய்ச்சி மூச்சு வாங்கச் சொன்னாள்.

"அப்பா, ஏறுனது சீட்டு. எறங்குனது நீங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் போனை அணைத்து மேஜை மேல் வைத்த சத்தம் கேட்டது. சரி, மனிதர் புரிந்துகொண்டார், மாதம் பிறப்பதற்குள் மைலைக் கொடுத்து டிக்கெட் எடுத்துவிடுவார், கதையும் ஒழுங்காக முடிந்துவிடும் என்று நினைத்தேன். நான் நினைத்தது வாசகரைப் போல. அவர் நினைத்தது வியாபாரியைப் போல.

"எறங்குன சரக்க எவனாச்சும் விப்பானா?" என்றார். "திருப்பி ஏறுற வரைக்கும் வச்சிருக்கணும்."

மாதம் பிறந்தது. இரண்டு பேருக்கு இருந்த மைல், ஒரு ஆளுக்கு உட்காருகிற சீட்டாகச் சுருங்கியது. அவர் வேட்டி கட்டிக்கொண்டு மதுரைக்குப் படுக்கப் போனார்.

6

முடிவுகள் மூன்று எழுதி வைத்தேன். ஒளிப்பானேன், இதோ.

முடிவு ஒன்று: உக்கிரபாண்டி மனம் திருந்தி, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாயிண்டு என்னடி பாயிண்டு" என்று தழுதழுத்த குரலில்—

வேண்டாம். அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. அவ்வளவு நாள் துணி காயப்போட்டிருக்கிறேன்.

முடிவு இரண்டு: டெல்லி வழிச் சீட் திறக்கிறது. இருவரும் பஞ்சணையில் காலை நீட்டிப் படுத்தபடி நாக்பூருக்கு மேலே பறக்கும்போது, கீழே சிங்கப்பூரில் பேரன் பிறந்துவிடுகிறான். மதிப்பு மூன்று மடங்கு; பிரசவத்துக்கு ஆள் இல்லை.

இதைத் தங்கலட்சுமிக்குப் படித்துக் காட்டினேன். (நான் எழுதுவது அவளுக்குத் தெரியும். மதிலுக்கு இரண்டு பக்கமும் உண்டல்லவா?) "அந்தப் படுக்கையில நீங்க போயி படுங்க மதினி" என்றாள்.

முடிவு மூன்று: பிள்ளை பிறந்ததை வீடியோவில் பார்க்கிறாள். மருந்து டப்பாவை எடுத்துப் போன் முன்னால் காட்டி, மகளிடம், "இத நெய்யில கிண்டி—"

பாதி படிக்கும்போதே என் கையிலிருந்து தாளைப் பிடுங்கினாள்.

"இத மட்டும் எழுதுனீக, ஆள் விட்டு மதில ஒசத்திக் கட்டிருவேன்."

இதைவிடக் கடுமையான விமரிசனத்தை எந்த எழுத்துக்காரியும் சந்தித்திருக்கமாட்டாள். கைவிட்டேன்.

7

ஆகவே நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை. உக்கிரபாண்டிக்கு எண்ணெய்க் குளியல். உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் பூசி ஊறிவிட்டுக் குளியலறைக்குள் போய்விட்டால், சீயக்காய் தேய்த்து எண்ணெயை எடுத்து வெளியே வர எப்படியும் நேரமாகும். போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. அதற்குச் சற்று முன்னால்தான் ராஜேஸ்வரி கூப்பிட்டிருந்தாள். டாக்டர் நாளைக் கடத்த வேண்டாம், வருகிற வாரமே ஆபரேஷன் வைத்துவிடலாம் என்றாராம். "ஆப்பரேசன் தியேட்டர் வாசல்ல நீ இருப்பேல்லம்மா?" என்று கேட்டிருக்கிறாள். பிறகு அவளே, அப்பா போனில் எதை எதை அமுக்க வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

தங்கலட்சுமி போனைக் கொண்டுவந்து மதில் மேல் வைத்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இங்கிலீஷைப் படிக்கச் சொன்னாள்.

படித்தேன். மறுநாள் காலை மதுரையிலிருந்து நேர் விமானம். சாதா சீட். ஒன்றே ஒன்று. காசு கொடுத்தால் பதினெட்டாயிரம். மைலில் கொடுத்தால் ஒரு லட்சத்துச் சொச்சம், அதாவது உக்கிரபாண்டி வருஷக்கணக்காக அடுக்கிய குடோன் முழுக்க. கீழே பொடி எழுத்தில், எடுத்த பின் ரத்து செய்தால் மைல் திரும்பாது என்றிருந்தது.

"அவுக சோத்துக்கு என்ன செய்வாக?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, வாய் பழக்கம்.

"கோல்டு மெம்பருக்கு டிபன் ஓசியாம்ல" என்றாள்.

அப்போது போன் கூவியது. கடவு எண் வந்துவிட்டது. அதைப் போட்டுப் பச்சைக் கட்டத்தை அமுக்கினால் முடிந்தது. குளியலறையில் செம்புச் சத்தம் நின்றது.

"ஏ தங்கம், போனு சத்தம் கேட்டுச்சே. என்ன மெசேஜு?"

தங்கலட்சுமி என்னைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"கம்பெனிக்காரந்தான். சீட்டு இன்னும் ஏறிருச்சாம்."

உள்ளேயிருந்து, சீயக்காய் நுரைக்குள்ளிருந்து, நிதானமாக ஒரு குரல் வந்தது.

"அப்பச் சரி. எதுலயும் கைய வச்சிராத. இருக்கட்டும்."

அவள் எண்ணைப் போட்டாள். விரலைப் பச்சைக் கட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். விரல் நடுங்கியது என்று எழுதினால் அழகாக இருக்கும், நடுங்கவில்லை.

"நீங்க சொல்லுங்க மதினி. அமுக்கவா?"

8

இந்த இடத்தில் நான் நிறுத்திக்கொள்கிறேன். நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு வரும். நடப்பதற்கு முன்னால் என்னிடம் இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. சொல்லிவிட்டால் நாளைக்கு அந்த வீட்டில் நடப்பதில் எனக்கும் பங்கு வந்துவிடும். பிறகு அதைப் பற்றித் தெருவில் நான் எந்த முகத்தோடு பேசுவது?

ஆகவே நீங்கள் சொல்லுங்கள்.

ஆனால் எல்லோரும் அல்ல. சற்று முன்னால், பதினெட்டாயிரத்தை ஒரு லட்சத்தால் மனசுக்குள் வகுத்து, மைலுக்குப் பதினெட்டுப் பைசாதானா, அநியாயம் என்று ஒரு நொடி உதட்டைப் பிதுக்கினவர்கள் இருக்கிறீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள், நான் பார்த்தேன். நீங்களெல்லாம் கதையை மூடி வைத்துவிட்டு, சீட் திறந்திருக்கிறதா என்று பார்க்கப் போகலாம்.

வகுக்காதவர் யாராவது மிச்சம் இருந்தால் இந்த மதிலோரம் வாருங்கள். சீக்கிரம். குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறது.