ஊற்று மணல்

அந்த ஐப்பசியில் குற்றாலத்து அருவிகள் பொங்கி வந்த வெள்ளம், மேலகரத்துக்குக் கீழே சிற்றாற்று மணலை வழித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் வெறும் பாறை. கோடையில் அந்த மணலில் ஊற்றுத் தோண்டித்தான் ஊரே தண்ணீர் குடித்தது. கரையை ஒட்டிச் சங்கிலிப்பாண்டியின் தென்னந்தோப்பு. அந்தக் கரையும் இடிந்து நாலு தென்னை சாய்ந்து கிடந்தது.

பஞ்சாயத்துத் தலைவர் முகம்மது இஸ்மாயில் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். ஆற்றில் கல் தடுப்புக் கட்டி, வண்டி வண்டியாக மணல் கொட்டினால் ஊற்று திரும்பும், செலவு வரிப்பணத்தில் என்றார். உறுப்பினர் ஏழு பேர். மூன்று பேர் கை தூக்கினார்கள், மூன்று பேர் தூக்கவில்லை. பாக்கி சங்கிலிப்பாண்டி.

அவர் தூக்கத்தான் வந்திருந்தார். அதற்குள், கை தூக்காத மூவரில் ஒருவனான மேலத்தெரு உச்சிமாகாளி வாயைத் திறந்தான்.

"ஊத்துக்கு மணலா, அண்ணாச்சி தோப்புக்கு அணையா? அதையும் சேத்து எழுதும் வே. தேங்கா அவுகளுக்கு, வரி நமக்கு!"

ஜன்னலுக்கு வெளியே நின்ற கூட்டம் சிரித்தது.

சங்கிலிப்பாண்டி எழுந்தார். அவருடைய அப்பா தாலுகா ஆபீசில்கூட நாற்காலி போட்ட பிறகே பேசியவர்.

"என் தோப்புக்கு ஊர்ப்பணம் ஒரு சல்லி வேண்டாம். தென்னை போனாப் போகட்டும். நான் எதிர்ப்புன்னு எழுதிக்கிடுங்க."

"தோப்பைப் பத்தி யாரு பேசுதா அண்ணாச்சி? பொம்பளைக தண்ணிக்கு எங்கன போவாக?" என்றார் இஸ்மாயில்.

"சொன்னது சொன்னதுதான்."

நிமிர்ந்துதான் வெளியேறினார். தெருமுனை வருமுன், தன் ஒரு கையால் தீர்மானம் தோற்றது உறைத்தது.

சொல்லை மாற்றாமல் காரியத்தை முடிக்கப் பார்த்தார். மார்கழியில் சொந்த வண்டிகளில் ஆற்றுக்கு மணல் அடித்தார். தடுப்பில்லாத மணல். மலையில் பெய்த ஒரு மழைக்கு, மத்தியானத்துக்குள் எல்லாம் கரைந்து போயிற்று. குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்து நிற்கத்தான் முடிந்தது.

தை மாதம், வாழ்நாளில் முதல்முறையாக ஒருவரைக் கேட்கப் போனார். இஸ்மாயிலின் ஜவுளிக்கடையில் உச்சிமாகாளியும் இருந்தான்.

"கூட்டத்தைத் திரும்பப் போடும். நான் கை தூக்குதேன்."

"நானும் தூக்குதேன் அண்ணாச்சி," என்றான் உச்சிமாகாளி. "விளையாட்டாச் சொன்னது. இப்படி ஆகும்னு கண்டேனா?"

இஸ்மாயில் தலையைக் குனிந்துகொண்டார். "அந்தப் பணம் பள்ளிக்கூடக் கூரைக்குப் போயிட்டு. ஓடு வந்து இறங்கியாச்சு. இனி அடுத்த வருஷந்தான்."

பங்குனியில் சங்கிலிப்பாண்டி வீட்டுக் கிணறும் வற்றியது. ஊர்ப் பெண்கள் இரண்டு மைல் நடந்து தண்ணீர் சுமந்தார்கள். ஒருநாள் காலை அவர் மனைவி நாச்சியார் குடத்தை இடுப்பில் வைத்தாள். அந்த வீட்டுப் பெண் எவளும் தண்ணீருக்கு வெளியே போனதில்லை.

"நில்லு. வண்டியில பீப்பாய் கட்டச் சொல்லுதேன்."

"எந்த வண்டியில? மாட்டுக்குத் தண்ணியில்லன்னு மேற்கே புளியறை ஊருக்குப் பத்திவிட்டாச்சுல்லா?"

அவள் படியிறங்கினாள்.

தெருவில் போன பெண்கள் நின்றார்கள். யாராவது ஒருத்தி ஏசினால் தேவலை என்றிருந்தது அவருக்கு. யாரும் ஏசவில்லை. உச்சிமாகாளியின் பெண்டாட்டி முத்துவடிவு தன் தலையிலிருந்த துணிச் சும்மாட்டை எடுத்து நாச்சியார் தலையில் வைத்து, "கழுத்தை ஆட்டாம நடக்கணும், ஆச்சி," என்று பக்குவமாகச் சொல்லிக்கொடுத்தாள்.