குண்டம்மாவின் போர்வை

எழுந்து பல் துலக்கினான். பால் காய்ச்சினான். கைப்பழக்கத்தில் இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தான். மாமியாருக்கு ஃபிளாஸ்கில் ஊற்றி மூடினான். பேருந்தில் நின்றபடியே கல்லூரிக்குப் போய் நுண்ணுயிரியல் ஆய்வகத்தைத் திறந்தான். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு பர்னரைப் பற்றவைத்தான். கம்பி வளையத்தைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டு, பழைய வளர்ப்புத் தட்டிலிருந்து குண்டம்மாவைத் தொட்டெடுத்துப் புதுத் தட்டில் கோடு இழுத்தான். மனைவி போனதிலிருந்து தினமும் இதுதான். விடுமுறை நாளிலும் காவலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு வந்துவிடுவான்.

குண்டம்மா ஒரு பாக்டீரியா. வீட்டுப் பாத்திரத் தொட்டியின் வடிகுழாயைப் பஞ்சால் துழாவி அவன் மனைவி பிடித்து வந்தது. அவளும் இதே ஆய்வகத்தில்தான் பாடம் நடத்தினாள். குண்டம்மாவுக்குக் குச்சி போல உடம்பு; செல் சுவருக்கு வெளியே சர்க்கரைப் பசையாலான தடித்த உறை. கம்பியால் தொட்டுத் தூக்கினால் பாகு மாதிரி நூலாக நீளும். சாயம் ஒட்டாத உறை என்பதால் அதை நேராகப் பார்க்க முடியாது. மையில் கலந்து கண்ணாடித் துண்டில் பரப்பினால், மை உள்ளே போக வழியில்லாமல் ஒதுங்கி நிற்கும். கறுப்புக்கு நடுவே ஒவ்வொரு குச்சியைச் சுற்றியும் ஒரு வெளிச்ச வளையம் தெரியும். “குண்டு குண்டா போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டு படுத்திருக்கு பாருங்க” என்று அவள் மாணவர்களிடம் சொல்லப்போய், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் உறையைக் காட்டும் செய்முறை வகுப்பு. அவள் நடத்தியிருக்க வேண்டியது. அவன்தான் கேட்டு வாங்கிக்கொண்டான். அவள் பிடித்து வந்ததை அவளுடைய மாணவர்கள் ஒருதரம் பார்த்துவிட வேண்டும். வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை.

ஒத்திகை பார்க்கலாம் என்று மையில் கலந்து நுண்ணோக்கியில் வைத்தான். வளையம் இல்லை. மை பழசு என்று புதுப் புட்டியைத் திறந்தான். அப்போதும் மை குச்சியை ஒட்டியே நின்றது. தட்டை வெளிச்சத்தில் சாய்த்தான். பளபளவென்று இருக்க வேண்டிய திட்டுகள் மங்கிக் கிடந்தன. கம்பியைத் தூக்கினான், நூல் வரவில்லை. நூல் குறைந்துகொண்டே வந்ததை இடையிலேயே பார்த்தவன்தான். பார்த்தும் கண்டுகொள்ளவில்லை.

பக்கத்து மேசைக்காரர் வந்து குனிந்தார். சக விரிவுரையாளர், ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் ‘மீசை’.

“என்னப்பா, உன் குண்டம்மா இப்படி இளைச்சுட்டா?” என்றவர் அவன் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். எத்தனை நாளைக்கு ஒருமுறை தட்டு மாற்றுகிறான் என்று கேட்டார்.

“தினமும்.”

“தினமுமா? உக்காந்த எடத்துல சோறு கெடச்சா அதுக்குப் போர்வை எதுக்குப்பா?”

அவனே வருடாவருடம் நடத்துகிற பாடம். உறை செய்யச் சத்து செலவாகும். காய்ந்துபோகிற பயமும் விழுங்க வருகிற எதிரியும் இல்லாத சத்தான தட்டில், உறையைக் கைவிட்டவை முந்திக்கொண்டு பெருகும். ஒவ்வொரு மாற்றத்திலும் அவற்றையே அள்ளி அள்ளி வைத்திருக்கிறான்.

குளிர்பெட்டியில் அவள் சேமித்துவைத்த குண்டம்மா குழாய் இருக்குமே என்றார் மீசை. இருந்தது. அவள் இறந்த அந்த வாரமே அதை எடுத்துத் தட்டுக்கு மாற்றிவிட்டான். குளிரில் தனியாகக் கிடக்க வேண்டாம் என்று தோன்றியது. காலிக் குழாயைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்துவிட்டான்.

வேறு கல்லூரியிலிருந்து நல்ல உறையோடு ஒன்று வாங்கித் தருவதாக மீசை சொன்னார். வகுப்பு நின்றுவிடாது. அவன் தலையாட்டினான். அப்போதுதான் அவள் கடைசியாகச் சொன்னது அவள் குரலிலேயே காதில் விழுந்தது. மறந்தே போயிருந்தான்.

மறந்ததற்கும் காரணம் உண்டு. ஆஸ்பத்திரியில் மாமியார் அழுது கேட்டபோது, ‘அம்மாவப் பாத்துக்கோ’ என்றுதான் கடைசியாகச் சொன்னாள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தான். மகள் இல்லாத வீட்டில் அவனோடு தங்கிவிட்ட அந்த அம்மாள் சாயங்காலம் ஆனால் அதையே கேட்பாள். சொல்லிச் சொல்லி அவனுக்கே அது உண்மையாகிவிட்டது.

அன்றும் கேட்டாள். செருப்பைக்கூட அவன் கழற்றியிருக்கவில்லை.

“அவ அப்படிச் சொல்லல அத்தை.”

மாமியார் துவைத்த துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். “அப்ப என்னைப் பத்தி ஒண்ணுமே சொல்லலியா, மாப்பிள்ளை?”

“இல்ல அத்தை.”

“சரி. என்னதான் சொன்னா?”

சின்ன அறுவை சிகிச்சைதான் என்று எல்லோரும் நினைத்திருந்த காலை அது. தள்ளுவண்டி கதவுக்குள் நுழையும்போது அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டே கையாட்டினான். என்ன சொல்கிறாள் என்று நின்று கேட்கவில்லை, ஆனால் காதில் விழுந்திருந்தது.

“நான் வர்ற வரைக்கும் குண்டம்மாவ நோண்டிக்கிட்டே இருக்காத. அது பாட்டுக்கு ஃப்ரிட்ஜ்ல கெடக்கட்டும்.”