இவர் கரண்ட் கம்பனி மாற்றிய கதை

என் கணவர் கேதீஸ்வரன் குடிப்பதில்லை, சீட்டு விளையாடுவதில்லை. அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் கரண்ட் கம்பனி மாற்றுவது. மெல்பேர்னில் அவரவர் விரும்பிய கம்பனியிடம் கரண்ட் வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தாலும் வந்தது, மனுசனுக்கு விசர் பிடித்துவிட்டது. எந்தக் கம்பனி எத்தனை சதம், நாள் கட்டணம் எவ்வளவு, நேரத்துக்குக் கட்டினால் எத்தனை வீதம் கழிவு என்று கொப்பி போட்டு எழுதினார். நான் இருபத்தொன்பது வருசமாகச் சமைத்த சமையலைப் பற்றி இவர் இப்படி நாலு வரி எழுதியிருப்பாரா என்று கேட்டால், இல்லை.

நாங்கள் இருப்பது நோபிள் பார்க்கில். ஒரே காணியில் ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகள். முன்வீடு எங்களுடையது. பின்வீட்டில் வெங்கட்ராமனும் மனைவி கிரிஜாவும். சென்னைப் பிள்ளைகள், இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. எங்கள் காணிக்குக் காஸ் இணைப்பு இல்லை. அடுப்பு, சுடுதண்ணீர், ஹீட்டர் எல்லாவற்றுக்கும் கரண்ட்தான்.

2003ஆம் ஆண்டு மே மாதம் ஒரு வெள்ளைக்காரப் பெண் கதவைத் தட்டினாள். அவளுடைய கம்பனிக்கு மாறினால் குறைந்த விலை, பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்று இலவசம், பக்கத்து வீட்டையும் கூட்டிவந்தால் இரண்டு வீட்டுக்கும் ஐம்பது ஐம்பது டொலர் கழிவு என்றாள். இவர் செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் வெங்கட்ராமனைக் கையோடு கூட்டிவந்தார். படிவத்தில் மீட்டர் இலக்கம் எழுத வேண்டியிருந்தது.

"பழைய பில் மேசை லாச்சிக்க கிடக்கு, எடுத்துத் தாறன்" என்றேன்.

"கடதாசியில ஆயிரம் பிழை இருக்கும். நான் நேர பாத்து எழுதுறன்" என்றார். ஊரில் நில அளவையாளராக இருந்தவர். தன் கண்ணைத் தவிர வேறொன்றையும் நம்பமாட்டார்.

இரண்டு வீட்டு மீட்டரும் வாசல் பக்கத்துப் பெட்டி ஒன்றுக்குள்தான் இருக்கின்றன. இவர் இரண்டு இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வந்தார். ஒன்றை எங்கள் படிவத்திலும் மற்றதை வெங்கட்ராமனின் படிவத்திலும் போட்டார். காந்தம் பிரிட்ஜில் ஏறியது.

அந்தக் குளிர்காலத்து பில்லைப் பார்த்து இவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். முன்னைவிட நூறு டொலர் கூட. பின்வீட்டிலிருந்து வெங்கட்ராமன் சிரித்துக்கொண்டு வந்தான். "அங்கிள், நீங்க சொன்ன கம்பெனி சூப்பர். எங்களுக்குப் பாதியாக் குறைஞ்சிடுச்சு."

இவர் அடுத்த மாதமே பேனா தந்த கம்பனிக்கு மாறினார். அதுவும் சரிவரவில்லை என்று குடை தந்த கம்பனி. மாறும்போதெல்லாம் கடைசி பில்லில் இருந்த இலக்கத்தையே கொடுத்தார். பில் இறங்கவில்லை. ஆகவே வீட்டைத் திருத்தத் தொடங்கினார். ஹோலில் ஒரு பல்ப். கேத்தலில் இரண்டு கோப்பைக்கு மேல் தண்ணீர் விடக்கூடாது. பிரிட்ஜுக்குள் எரிகிற குட்டி பல்பைக்கூடக் கழற்றி எடுத்தார். நான் தயிரென்று நினைத்துத் தோசைமாவை மோருக்குக் கரைத்த நாள் எனக்கு அழுகையே வந்தது. ஹீட்டரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பில் முந்நூறுக்குக் கீழே வரட்டும், பிறகு போடலாம் என்பதுதான் தீர்ப்பு. மூன்று குளிர்காலம் நான் வீட்டுக்குள் தொப்பி போட்டுக்கொண்டு சமைத்தேன்.

பின்வீட்டில் வேறு கூத்து. பில் குறையக் குறைய அவர்களுக்குத் துணிவு வந்தது. பெரிய ஹீட்டர் ஒன்று பூட்டினார்கள். பிள்ளை உண்டானதும் கிரிஜா வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். ஹீட்டரும் அவளோடு வீட்டில் இருந்தது. பேசின் என்ற ஊரில் உள்ள பிள்ளையார் கோயிலில் யாராவது கரண்ட் விலையைப் பற்றி வாயெடுத்தால் போதும், எல்லாரும் வெங்கட்ராமனைத்தான் கை காட்டுவார்கள். மூன்று வருசம் கொப்பி எழுதிய மனுசன் பக்கத்தில் நின்று வடை சாப்பிடுவார்.

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. போன வருசம், 2006 ஜூலையில், இங்கே நடுக் குளிர்காலத்தில், என் தங்கச்சி திலகம் வந்தபோதுதான் பொறுக்க முடியாமல் போனது.

எண்பத்தெட்டில் கொழும்பில் பிரிந்தோம். அவள் ரொறன்ரோவுக்குப் போனாள், நான் இங்கே வந்தேன். விசா, பிள்ளைகள், வேலை, காசு என்று பதினெட்டு வருசம் போனில் குரல் மட்டும்தான் கேட்டோம். நாலு கிழமை, கிட்டத்தட்ட ஒரு மாதம், லீவு எடுத்து, என்னோடு இருக்கவென்றே வந்தாள். என்ன சமைப்பது, என்ன கதைப்பது என்று நான் ஆறு மாதமாக யோசித்து வைத்திருந்தேன்.

முதல் நாள் அவள் கோட்டைக் கழற்றவில்லை. இரண்டாம் நாள் இரண்டு சோடி சொக்ஸ் போட்டாள். மூன்றாம் நாள் காலையில் தேத்தண்ணிக் கோப்பையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள். "அக்கா, எங்கட ஊரில பனிக்காலத்தில வெளியில மைனஸ் இருபத்தைஞ்சு. வீட்டுக்குள்ள நாங்கள் ரீசேட்டோட திரியிறனாங்கள். இஞ்ச வெளியில எட்டு, உள்ள ஏழு."

இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "குளிர் உடம்புக்கு நல்லது" என்றார். அவரைக் கொல்லலாம் போலிருந்தது.

நாலாம் நாள் கிரிஜா, பிள்ளையைப் பார்க்க வாங்கோ என்று திலகத்தைக் கூப்பிட்டாள். போனவள் பொழுதுபட்டுத்தான் வந்தாள், கோட் கையில். அடுத்த நாளும் போனாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. காலைச் சாப்பாடு முடிந்ததும், "அக்கா, கிரிஜா வீட்ட போட்டு வாறன்" என்பாள். அங்கே சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரிக்கிற சத்தம், சமைத்துக்கொண்டு நிற்கிற எனக்குக் குசினியில் கேட்கும். பதினெட்டு வருசம் காத்திருந்த என் தங்கச்சி, என் கண்ணுக்கு முன்னாலேயே பக்கத்து வீட்டு விருந்தாளி ஆகிவிட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்.

இரண்டரைக் கிழமை இப்படியே போய்விட்டது. அந்த வியாழக்கிழமை அடுத்த பில் வந்தது. ஐந்நூற்றி நாற்பது டொலர்.

"கம்பனி மீட்டரில விளையாடுறான். இண்டைக்குப் பிடிக்கிறன்" என்று இவர் எழும்பினார். "விஜயா, நீர் போய்ப் பெட்டியடியில நில்லும். பில்லில கிடக்கிற இலக்கத்தைப் பாரும். நான் ஒவ்வொண்டா நிப்பாட்டுறன். உள்ளுக்க தட்டு சுத்துதோ எண்டு சொல்லும்."

நான் தொப்பியோடு போய்ப் பெட்டியைத் திறந்தேன். எங்கள் பில்லில் உள்ள இலக்கம் வலப்பக்க மீட்டரில் இருந்தது. அதற்குள் தட்டு பம்பரம் மாதிரிச் சுற்றியது. இவர் பல்பை நிறுத்தினார், பிரிட்ஜை நிறுத்தினார், சுடுதண்ணீரை நிறுத்தினார். கடைசியில் முழு வீட்டையும் அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"இப்ப?"

"சுத்துது."

"எப்பிடிச் சுத்தும்?"

"என்னட்டக் கேட்டா? வந்து பாருங்கோ."

வந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் பின்வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு கிரிஜாவும் திலகமும் பிள்ளையை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தட்டு இப்போது ஆமை மாதிரி நகர்ந்தது.

"கிரிஜா," என்றேன், "ஹீட்டரை நிப்பாட்டிப்போட்டே வாறீர்?"

"ஆமா ஆன்ட்டி. கடைக்குப் போறோம்."

"ஒருக்கா திரும்பப் போய்ப் போட்டு விடும்."

அவள் ஒன்றும் புரியாமல் போய்ப் போட்டாள். தட்டு பறந்தது. நிறுத்தச் சொன்னேன். ஆமையானது. இன்னொரு தரம் போட்டாள், பறந்தது. இவர் இடப்பக்க மீட்டரைப் பார்த்தார், வலப்பக்க மீட்டரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். 2003இல் துண்டில் எழுதிய இரண்டு இலக்கத்தையும் இவர் இடம் மாற்றிப் போட்டிருக்கிறார். மூன்று வருசமாக நாங்கள் கட்டியது அவர்கள் பில். அவர்கள் கட்டியது எங்கள் பில். நான் தொப்பி போட்டுச் சமைத்த ஒவ்வொரு நாளும் வெங்கட்ராமனின் பில்தான் குறைந்திருக்கிறது. அவன் பில் குறைந்த சந்தோசத்தில் ஹீட்டரைக் கூட்ட, எங்களுக்கு ஏறியிருக்கிறது. எங்களுக்கு ஏற ஏற இவர் என்னைக் குளிரில் போட்டிருக்கிறார்.

எனக்கு வாயில் வந்ததெல்லாம் எழுத முடியாது. திலகம் மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அன்று பின்னேரம் எங்கள் மேசையில் நாலு பேரும் பில்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தோம், திலகம் கோட்டோடு ஒரு பக்கத்தில். வெங்கட்ராமன் பாவம், முகம் கறுத்துப்போயிருந்தான். கோயிலில் எத்தனை பேருக்குப் புத்தி சொன்னவன். மூன்று வருசத்துக்கும் சேர்த்து இரண்டாயிரம் டொலர் வருகிறது என்று அவனே கணக்குப் பார்த்துச் செக் புத்தகத்தை எடுத்தான்.

"வேண்டாம்," என்றார் இவர். "பிழையா எழுதினது நான். பக்கத்து வீட்டுப் பிள்ளையிட்ட காசு வாங்க மாட்டன்."

அந்த இடத்தில் எனக்கு இவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. கொஞ்சம்தான்.

கிரிஜா பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டாள். "அப்படின்னா ஒண்ணு செய்யலாம் அங்கிள். செப்டம்பர் பில் வந்தப்புறம் கம்பெனிக்குச் சொல்லி மாத்திக்கலாம். அதுவரைக்கும் நீங்க ஹீட்டர் போடுங்க. எங்களுக்குத்தானே வரும். நாங்க ஸ்வெட்டர் போட்டுக்கறோம். இத்தனை நாளா உங்க செலவுலதானே குளிர் காஞ்சோம்."

காசை வேண்டாம் என்று சொல்லலாம். சூட்டை எப்படி வேண்டாம் என்பது என்று இவருக்குத் தெரியவில்லை. பிறகு எழும்பிப்போய், மூன்று வருசத்துக்குப் பிறகு, தன் கையாலேயே ஹீட்டரைப் போட்டார்.

திலகம் கோட்டைக் கழற்றினாள். அன்று இரவு நாங்கள் இருவரும் ஹோலில் கால் நீட்டி உட்கார்ந்து கதைத்தோம். கொழும்பில் பிரிந்த நாளிலிருந்து தொடங்கினோம். அடுத்த நாளும் அவள் எங்கும் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அவள் போக ஒரு கிழமைதான் இருந்தது, ஆனால் இன்னும் கொஞ்ச நாள் நில் என்று அவளிடம் எப்படிக் கேட்பேன். லீவு, வேலை, குடும்பம் என்று அவளுக்கும் எத்தனை இருக்கிறது.

ஞாயிறு காலை இவர் கொப்பியோடு வந்தார். முகம் வாடியிருந்தது.

"திலகம், உமக்கு ரிக்கற்றைப் பிற்போடேலாதோ?"

கேட்டுவிட்டுக் கொப்பியை விரித்து எங்கள் முன்னால் வைத்தார்.

"மூண்டு நாளா முழு வீச்சில போட்டும் அறுபது டொலர்கூட வரேல்ல. நீரும் போனா நாங்கள் ரெண்டு பேர், ஒரு அறை போதும். ஆளில்லாத அறைக்குச் சும்மா போட எனக்கு மனம் வராது. நீர் இருந்தா உம்மட அறைக்குப் போடலாம், சுடுதண்ணி போகும், சமையல் கூடும். எப்பிடியும் இன்னும் ஆறு கிழமை இருந்தீரெண்டா அந்த ரெண்டாயிரத்தை ஓரளவுக்கு ஈடு செய்யலாம்."

"ரிக்கற் மாத்த இருநூறு டொலர் கேப்பாங்கள் அத்தான்" என்றாள் திலகம். "வேலையில கேட்டுப் பாக்கிறன். சம்பளமில்லாத லீவு தருவினம்."

"அந்த இருநூறை நான் தாறன்" என்றார் இவர்.

உள்ளே போய்ப் பேர்ஸை எடுத்துவந்து, நாலு ஐம்பது டொலர் தாளை மேசையில் வைத்தார். பிறகு கொப்பியில் ஏதோ குறித்துக்கொண்டு, திருப்தியாகத் தலையாட்டினார். அந்தக் கணக்கு எந்த வழியில் லாபமாகும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவும் இல்லை. என் தங்கச்சி இன்னும் ஆறு கிழமை என் வீட்டில் இருந்தாள்.