அர்னுக்காகக் காத்திருக்கவும்

நான்காவது பாட்டு முடிந்ததும் வாத்தியக்காரர்கள் நால்வரும் வில்லைத் தாழ்த்தித் தலை குனிந்துகொண்டார்கள். நடுவில் நின்ற பாடகி டாம்சின் கண்ணை மூடிக் கைகளைக் கோத்துக்கொண்டாள். மூன்றாவது வரிசையில், நனைந்த மழைக்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த லோர்னா, யாருக்கோ தந்தி அறுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். பத்து விநாடி போயிற்று, இருபது போயிற்று. ஒருவரும் அசையவில்லை. தேவாலயக் கூடத்தின் கூரையில் மழை விழுவதும், வெளியே நெதர்கிளஃப் ஊர் மேட்டில் பஸ் முக்கி முனகி ஏறுவதும் கேட்டன. அவள் முப்பத்தைந்து வரை எண்ணிய பிறகு, வயோலா வாசிக்கும் ஃபெர்கஸ் மெதுவாக நிமிர்ந்து ஐந்தாவது பாட்டின் முதல் சுரத்தைத் தொட்டான். வாசிப்பு நன்றாகத்தான் இருந்தது. பாட்டுகளை எழுதியவள் என்ற முறையில் லோர்னாவுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தத் துக்கம் எங்கிருந்து வந்து புகுந்தது என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

ஒத்திகை முடிந்ததும் டாம்சின் நேராக வந்து லோர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மூக்கு சிவந்திருந்தது.

"ஒவ்வொரு ஊர்லயும் அந்த இடத்துல எனக்கு அழுகையே வந்துடுது, லோர்னா. எப்படித்தான் தாங்கினீங்களோ."

"எதைத் தாங்கினேன்?"

டாம்சின் ஃபெர்கஸைப் பார்த்தாள். ஃபெர்கஸ் தன் ஷூவைப் பார்த்தான்.

"உங்க வீட்டுக்காரரோட... அந்த அர்ன் வர்ற வரைக்கும் காத்துட்டு இருந்ததை. பாட்டுலயே எழுதி வெச்சிருக்கீங்களே."

இசைப்பிரதியை நீட்டினாள். நான்காவது பாட்டுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே, சாய்ந்த எழுத்தில் அழகாக அச்சாகியிருந்தது: *அர்னுக்காகக் காத்திருக்கவும்.*

ஆங்கிலத்தில் இது ஒரு பொல்லாத வார்த்தை. எரித்த பிறகு சாம்பலைப் போட்டுக் கையில் கொடுக்கிறார்களே, அந்தக் கலசத்துக்கும் அர்ன் என்றுதான் பெயர். நூறு பேருக்குத் தேநீர் போட வெந்நீர் காய்ச்சும் எவர்சில்வர் பாய்லருக்கும் அதே பெயர்தான். எது எதுவென்று இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

"கிரஹாமோட சாம்பலா?" என்றாள் லோர்னா. "அந்த மனுஷன் ஸ்பெயின்ல இருக்காரும்மா. பல் டாக்டர்கிட்ட ரிசப்ஷன்ல இருந்த பொண்ணோட போனவரு. போன மாசம் முட்டி ஆபரேஷன்கூட பண்ணிக்கிட்டாராம். குத்துக்கல்லாட்டம் இருக்காரு."

ஃபெர்கஸ் வாயைப் பொத்திக்கொண்டான். டாம்சினுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "பதினோரு ஊர்ல வாசிச்சிருக்கோம். நிகழ்ச்சித் தாள்ல இவன் அதைப் பத்தி ஒரு பாராவே எழுதியிருக்கான். ஒரு ஊர்ல ஒரு பெரியவர் எழுந்தே நின்னுட்டாரு."

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே?"

"சாவு விஷயமாச்சே. எப்படிக் கேக்கறது?" என்றான் ஃபெர்கஸ்.

அவன் சொன்னதும் நியாயம்தான். இந்த நாட்டில் மழையைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம். ஒருவர் வீட்டுச் சாவைப் பற்றி விசாரித்தால் அவரைச் சங்கடப்படுத்தியதாகிவிடும். அவளும் அப்படி வளர்ந்தவள்தான். போதாததற்குத் தப்பு அவளுடையது. என்றோ பென்சிலில் கிறுக்கிய குறிப்பை அச்சுக்கோத்தவர் மூலத்தில் இருந்தது என்று அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். பிழைதிருத்தப் பிரதி வந்தபோது லோர்னா சுரங்களைத்தான் பார்த்தாள், சொற்களைப் பார்க்கவில்லை.

குறிப்பில் சொன்ன அர்ன், அந்தத் தேநீர் பாய்லர், இப்போதும் இருபதடி தள்ளிச் சமையலறையில்தான் இருந்தது. கூடத்தின் சாவியையும் தேநீரையும் கவனித்துக்கொள்ளும் பெரிலும் அங்கேதான் இருந்தாள்.

முப்பது வருஷத்துக்கு முன்பு கிரஹாம் போன கையோடு வீடும் போய், பியானோவும் போய், லோர்னா கம்பளி நூல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தாள். இரண்டு வருஷம் ஒரு வரி எழுதவில்லை. தன்னிடம் இனி ஒன்றும் இல்லை என்றே முடிவு கட்டியிருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை இந்தத் தேவாலயக் கூடத்தில் பழைய பியானோ ஒன்று சும்மா கிடப்பதைப் பார்த்து, சாவி வைத்திருந்த பெரிலிடம், ஒரு மணி நேரம் வாசிக்கலாமா என்று கேட்டாள். பெரில் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. சாவியைக் கையில் வைத்து, "ரேடியேட்டர் ரெண்டு மணிக்குத்தான் சூடாகும். கோட்டைக் கழட்டாதே கண்ணு," என்றாள். அதன் பிறகு செவ்வாய் தவறாமல் பியானோ மூடியின் மேல் ஒரு கோப்பை தேநீரும் வெண்ணெய் தடவிய பன்னும் வந்து உட்கார்ந்தன. பெரில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். எப்படிப் போகிறது என்றுகூட ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் லோர்னா அடுத்த செவ்வாயே வராமல் நின்றிருப்பாள்.

ஏழு பாட்டுகளும் அந்தப் பியானோவில் பிறந்தவை. அவற்றால்தான் பிறகு எல்லாம் வந்தது. மற்றப் பாட்டுகள், நால்வர் இசை, மூவர் இசை, வானொலி, வெளியூர்ப் பயணம். தேநீருக்குச் செவ்வாய்தோறும் தாங்க்ஸ் சொன்னாள். மற்றதற்குச் சொல்லவே இல்லை. அச்சில் வந்தபோது சமர்ப்பணப் பக்கத்தில் ஏதோ இசைவிழாத் தலைவர் பெயரைப் போட வேண்டியதாயிற்று. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டது அப்படியே நின்றுவிட்டது. இப்போது பெரிலுக்கு எண்பத்திரண்டு. வருகிற வியாழக்கிழமை நார்ஃபோக்கில் இருக்கும் மகள் வீட்டோடு போகிறாள். அதற்காகத்தான் லோர்னா இந்த வாத்தியக்காரர்களைக் கெஞ்சிக் கூத்தாடி இந்தச் சனிக்கிழமை இங்கே கச்சேரி செய்ய வரவழைத்திருந்தாள். மேடையில் பெரிலுக்கு நன்றி சொல்ல நான்கு வரி எழுதிய தாள் கோட்டுப் பையில் இருந்தது. இன்றைக்கு விட்டால் இல்லை.

சமையலறையில், கூடத்தைப் பார்த்துத் திறக்கும் பரிமாறும் ஜன்னலுக்குப் பின்னால், பெரில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அர்னைச் சுற்றிப் பழைய கம்பளி ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது. பெரிலின் தேநீர் ஆறிப்போயிருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். எதிலும் சுரத்தில்லாத ஆளை நெதர்கிளஃபில் 'பெரில் டீ' என்றே சொல்வார்கள். தன் அறுபதாவது பிறந்தநாளில் லோர்னாவே அதை வைத்து ஒரு ஜோக் அடித்து, கூடம் முழுக்கச் சிரித்தது. பெரிலும் சேர்ந்து சிரித்தாள்.

"பெரில், ஒரு உதவி பண்ணணும். இன்னிக்கு நாலாவது பாட்டு முடிஞ்ச உடனே அர்ன் சுவிட்சைப் போடுங்க."

பெரிலின் கத்தி நின்றது. "வேண்டாம் கண்ணு. ஒரு தடவை பண்ணினது போதாதா?"

"என்ன பண்ணினீங்க?"

"முதல் கச்சேரியைக் கெடுத்தேனே, மறந்துட்டியா? நீ பாவம், எத்தனை செவ்வாய்க்கிழமை உக்காந்து எழுதினே. இடைவேளைக்கு டீ சூடா இருக்கட்டும்னு நான் பாட்டுக்கு சுவிட்சைப் போட்டேன். அது ரயில் மாதிரி கத்துச்சு. நீ கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினே. இந்த ஜன்னலைப் பாத்தே. மொத்தக் கூட்டமும் திரும்பிப் பாத்துச்சு. லீட்ஸ்லேருந்து வந்த பெரிய மனுஷங்க வேற. அப்படியே பூமிக்குள்ள போயிடலாமான்னு இருந்துச்சு எனக்கு." மறுபடி தடவத் தொடங்கினாள். "அன்னியிலேருந்து மத்தியானமே கொதிக்க வெச்சு, அணைச்சு, கம்பளி சுத்திடுவேன். ஆறித்தான் போகும். சிரிக்கறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும். பாட்டு நடுவுல சத்தம் வரக் கூடாது."

லோர்னா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இருபத்தாறு வருஷம். அந்த ஜோக் வேறு நினைவுக்கு வந்தது. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"பெரில், நான் கையைத் தூக்கினது உங்களைத் திட்டறதுக்கில்ல. கேக்கறதுக்கு."

"எதைக் கேக்க?"

"அர்னை. அன்னிக்குக் காலையில வரைக்கும் அஞ்சாவது பாட்டுக்கு ஆரம்பமே இல்ல. எப்படித் தொடங்கறதுன்னு தெரியாம, அதை விட்டுடலாம்னுகூட நெனச்சேன். ஒத்திகையில நீங்க அர்னைப் போட்டுட்டுப் பால் வாங்கப் போயிட்டீங்க. அது பாடிச்சு. ஒரே சுரம். அதையே வயோலாவுல எடுக்கச் சொன்னேன். அதுலேருந்துதான் பாட்டு வந்துச்சு. சாயங்காலமும் அதுக்காகத்தான் எல்லாரும் காத்திருந்தோம். முன்னாடியே பேசி வெச்சது."

"எனக்கு யார் சொன்னா?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

பெரில் அவளை ஒரு பார்வை பார்த்தாள். கோபம் இல்லை. "நீ நல்ல மனசுக்காரி. ஊரை விட்டுப் போறவளுக்கு ஆறுதலா நாலு வார்த்தை சொல்றே. சொல்லு."

லோர்னா ஓடிப்போய் டாம்சினிடமிருந்து பிரதியை வாங்கி வந்தாள். பெரில் கையைத் துடைத்துக் கண்ணாடி போட்டு, அச்செழுத்தை விரல் வைத்துப் படித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஐயோ கண்ணு, யாரு செத்தா?" என்றாள்.

"யாரும் சாகல. இந்த அர்ன்," என்று லோர்னா கம்பளியின் மேல் கை வைத்தாள். அது இளஞ்சூடாக இருந்தது. "உங்க அர்ன். பதினோரு ஊர்ல இதுக்காகக் காத்திருந்திருக்காங்க."

பெரில் அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். லோர்னா கோட்டுப் பையில் இருந்த தாளைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"வெள்ளரிக்காய் நறுக்கணும்," என்றாள் பெரில். "மூணு மணிக்கு ஜனம் வந்துடும். நீ போ."

மூன்று மணிக்குக் கூடம் நிரம்பி, ஈரக்கோட்டு வாசனை எழுந்தது. சமையலறை ஜன்னலின் தூக்குப் பலகை எப்போதும் போலப் பாதி இறங்கியிருந்தது. அதற்குக் கீழே பெரிலின் ஏப்ரனும் வளைய வரும் இரண்டு கைகளும் மட்டும் தெரிந்தன. லோர்னா முன்னால் போய் நின்று தாளைப் பிரித்தாள். எழுத்து மழையில் ஊறிக் கலங்கியிருந்தது. கலங்காவிட்டாலும் வாசித்திருக்க மாட்டாள். இத்தனை பேர் முன்னால் பெயரைச் சொன்னால் பெரில் மறுபடி பூமிக்குள் போக இடம் தேடுவாள். "நாலாவது பாட்டுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் ஆகலாம். பொறுத்துக்குங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, வாத்தியக்காரர்களுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவர்களிடம் முன்பே சொல்லியிருந்தாள். "தலை குனியாதீங்க. ஜன்னலைப் பாருங்க. சத்தம் வந்த அப்புறம்தான் ஆரம்பிக்கணும்."

"வரலைன்னா?" என்று கேட்டிருந்தான் ஃபெர்கஸ்.

"அங்கே என்ன எழுதியிருக்கோ அதைச் செய்."

முதல் பாட்டு, இரண்டாவது, மூன்றாவது. டாம்சின் அன்று கண்ணை மூடாமல் பாடினாள். குரல் இன்னும் தெளிந்திருந்தது. நான்காவது பாட்டின் கடைசி வரி செல்லோவில் இறங்கி அடங்கியது. ஐந்து பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். பலகைக்குக் கீழே கைகள் அசையாமல் இருந்தன. பிறகு அவையும் காணாமல் போயின.

அரை நிமிஷம் ஆயிற்று. யாரோ இருமினார்கள். பாதிரியார் நிகழ்ச்சித் தாளைத் திருப்பிப் பார்த்து, இந்த ஊருக்கென்று தனியாக அடித்த அந்தத் தாளில் ஒன்றும் எழுதியிருக்காததால் மறுபடி திருப்பினார். ஒரு நிமிஷம் ஆயிற்று. வராது என்று லோர்னாவுக்குத் தோன்றியது. வராவிட்டால் பெரிலைக் குற்றம் சொல்ல முடியாது. இருபத்தாறு வருஷம் ஒருத்தியைத் தலைகுனிய வைத்துவிட்டு, ஒரு மத்தியானத்தில் வந்து நிமிரு என்றால் எப்படி நிமிர்வாள்? ஃபெர்கஸ் அவளை ஓரக்கண்ணால் பார்த்தான். லோர்னா தலையசைத்தாள். காத்திரு.

டக் என்று ஒரு சத்தம் வந்தது.

சிறிது நேரம் வேறொன்றுமில்லை. பிறகு உள்ளே எங்கோ நீர் முணுமுணுத்தது. முணுமுணுப்பு தடித்து, தகரம் அதிர்ந்து, ஒரு சுரமாகக் கூடி, மெல்லக் கூடத்துக்குள் வந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்து அடங்கினார்கள். ஃபெர்கஸ் வில்லை வைத்தான். பொருந்தவில்லை. இத்தனை வருஷத்துத் தண்ணீரின் சுண்ணாம்பு அடியில் படிந்து அர்னின் குரல் கொஞ்சம் இறங்கிப் போயிருந்தது. அவன் காதைச் சாய்த்து, விரலை மயிரிழை பின்னுக்கு நகர்த்தினான். இன்னும் கொஞ்சம். சேர்ந்துகொண்டது. எது வயோலா, எது வெந்நீர் என்று தெரியவில்லை. மற்ற மூவரும் அந்தச் சுருதிக்கு இறங்கி வந்தார்கள். டாம்சின் அதிலிருந்து பாட்டை எடுத்தாள். மழையில் நடந்து வந்தவள் ஒரு கோப்பையை இரு கையாலும் பிடித்துக்கொள்கிற பாட்டு, வேறு விஷயம் அதில் கிடையாது.

லோர்னா தன்னையறியாமல் கையைத் தூக்கியிருந்தாள். அன்று தூக்கிய அதே கை. முகமும் அதே ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது.

பலகை ஒரு சாண் ஏறியது. நின்றது. பிறகு கிறீச்சென்று மேல்வரைக்கும் போயிற்று. வெளியே புரண்டு வந்த ஆவிக்கு நடுவில், கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, நனைந்த துண்டைப் பிடித்த கையைப் பெரிலும் தூக்கிக் காட்டினாள்.